பதில் சொல்லக் கடமைப்பட்டவர்

சட்டமன்றத்தில் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில், அமைச்சர் எழுந்து அறிவிப்புகளை வாசிப்பார். மறுநாள் நாளிதழ்களில் அவை எண்ணிக்கையோடு வெளிவரும்: இத்தனை புதிய கட்டடங்கள், இத்தனை ஸ்கேன் கருவிகள், இத்தனை கோடி ரூபாய். அரசின் சுகாதாரக் கொள்கை என்று நம்மில் பெரும்பாலோர் அறிந்திருப்பது இதைத்தான். அன்றே உறுப்பினர்களின் மேசைக்கு வரும் கொள்கை விளக்கக் குறிப்பைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அதற்கும் பின்னால் நிதித்துறையின் ஒப்புதல், அரசாணை, பணியிட ஒப்பளிப்பு, கொள்முதல் ஆணை, மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கான படிவம் என்று நீளும் வரிசையை யாரும் செய்தியாக்குவதில்லை. அந்த வரிசையில்தான் கொள்கை உயிர் பெறுகிறது அல்லது மடிகிறது. நான் இங்கே முன்வைக்கும் வாதம் ஒன்றே. ஒரு குறிப்பிட்ட தீங்கு நேர்ந்தால் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இன்னார் என்று பதவியும் படிவமும் கூட்டமும் வைத்து அரசு முடிவுசெய்த இடங்களில் மக்களின் உடல்நலம் மேம்பட்டிருக்கிறது. அப்படி முடிவுசெய்யாத இடங்களில் பணமும் அறிவியலும் நல்லெண்ணமும் சேர்ந்துகூட அரைகுறைப் பலனையே தந்திருக்கின்றன. இதைத் தமிழ்நாட்டின் வரலாற்றைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். வெற்றி, தோல்வி இரண்டுக்கும் இங்கே போதிய சான்று இருக்கிறது.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் பொதுச் சுகாதாரத்தை மாகாண அமைச்சர்களின் பொறுப்பில் விட்டன. அதைத் தொடர்ந்து 1920-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கென்று, மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து விலகிய தனி இயக்ககத்தை ஏற்படுத்திக்கொண்டது. 1939-இல், ராஜாஜி அமைச்சரவையில் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களில் அதுவே முதலாவது. உள்ளாட்சிகள் சுகாதார அலுவலரை நியமிக்க வேண்டும், வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டும், குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், உணவு ஆகியவற்றில் தலையிடும் அதிகாரம் இன்னாருக்கு உண்டு என்று அச்சட்டம் வரையறுத்தது. விடுதலைக்குப் பின், 1946-இல் வெளிவந்த போர் (Bhore) சுகாதார ஆய்வுக் குழு அறிக்கையின் வழியில், நோய் தீர்க்கும் பணியையும் நோய் தடுக்கும் பணியையும் ஒரே குடைக்குள் கொண்டுவருவது நாடெங்கும் கொள்கையாயிற்று. நோக்கம் உயர்ந்ததுதான். நோயாளியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று அக்குழு எண்ணியது. ஆனால் பல மாநிலங்களில் நடந்தது வேறு. ஒரே பதவியில் இருப்பவருக்கு ஒருபுறம் வாசலில் காத்திருக்கும் நோயாளி, மறுபுறம் இன்னும் வராத நோய் என்றால், எது வெல்லும் என்பதில் ஐயமில்லை. காத்திருப்பவர் குரல் கொடுப்பார். வராத நோய்க்குக் குரல் கிடையாது. தமிழ்நாடு தனி இயக்ககத்தையும் தனி நிதியையும், பொதுச் சுகாதாரப் பட்டயம் பெற்ற அலுவலர்களின் தனிப் பணித் தொகுதியையும் விடாமல் காத்துக்கொண்டது. மாவட்டத்தில் காலரா பரவினால் கேள்வி யாரை நோக்கி வரும் என்பதில் இங்கே குழப்பம் இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, ஆழிப்பேரலை அடித்துச் சென்ற கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் நெருக்கியடித்து வாழ்ந்தபோதும் பெரிய தொற்றுநோய் எழவில்லை. குளோரின் கலக்கவும் கழிப்பிடம் அமைக்கவும் தடுப்பூசி போடவும் காய்ச்சல் கணக்கெடுக்கவும் எந்த ஊழியர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைப் பேரிடர் வந்த பிறகு யோசிக்க வேண்டிய நிலை அன்று இருக்கவில்லை.

நல்ல கொள்கைக்கு நல்ல ஆய்வு போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சான்றுகளின் அடிப்படையில் கொள்கை வகுக்க வேண்டும் என்பது இன்று எல்லாக் கருத்தரங்குகளிலும் ஒலிக்கும் முழக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சான்று தானாக நடந்து போய் நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டாது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஏழ்மையும் இட நெருக்கடியும் மிகுந்த சென்னைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 காசநோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் காற்றும் இல்லாத வீடுகளிலும் சானடோரியத்துக்கு ஏறத்தாழ இணையான பலன் கிடைத்தது. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று அபாயமும் கூடவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்க் கொள்கையைப் புரட்டிப் போட்டது. சானடோரியங்கள் மூடப்பட்டன. இந்தியாவும் 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல் அத்திட்டத்தை மறு ஆய்வு செய்தபோது, சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட அதை முடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆய்வின் முடிவில் பிழை ஒன்றும் இல்லை. சென்னை ஆய்வில் வீட்டுக்குப் போன நோயாளியை வாரந்தோறும் பின்தொடர ஊழியர்கள் இருந்தார்கள். மாத்திரை வாங்க வராதவரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். நாடு எடுத்துக்கொண்டது வீட்டுச் சிகிச்சை என்ற முடிவை. நின்றுபோன நோயாளிக்குப் பதில் சொல்ல ஆள் வைப்பது என்ற பாதி விடுபட்டுப் போயிற்று.

இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டு மருந்துக் கொள்முதல். 1990-களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு வழக்கமான செய்தி. மருந்து வாங்கியதில் முறைகேடுகள் வெடித்த பிறகு, 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகி, 1995 ஜனவரியில் பணியைத் தொடங்கியது. அதை உருவாக்கியதில் ஆர். பூரணலிங்கம் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் பங்கு பெரிது. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்று, உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் டெண்டர், தகுதியை முதலிலும் விலையைப் பிறகும் திறந்து பார்க்கும் இரட்டை உறை முறை, மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டைக் காட்டும் ஒரு பாஸ்புத்தகம். மருந்து கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்துக் குறியீட்டு எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறாத மருந்து திரும்பும். தொடர்ந்து தவறும் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும். மாத்திரைப் பட்டைகளில் அரசு முத்திரை அச்சானதால் அவை கடைக்கு நழுவுவது கடினமாயிற்று. இதில் புதிய அறிவியல் எதுவும் இல்லை. பெருந்தொகை கூடுதலாகச் செலவாகவும் இல்லை; மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லையென்றால் மருத்துவர் மாவட்டத்தைக் கைகாட்டுவார், மாவட்டம் சென்னையைக் கைகாட்டும், சென்னை சப்ளையரைக் கைகாட்டும். அந்தச் சங்கிலி அறுந்து, இருப்பு இல்லையென்றால் பதில் சொல்ல ஒரே இடம் உருவானதுதான் இதில் நடந்த மாற்றம். பின்னர் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இம்முறையைப் பின்பற்றின. சட்டத்தையும் கட்டடத்தையும் நகலெடுப்பது எளிது. இருப்பு இல்லாத மருந்துக்கு விளக்கம் கேட்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

இனி, என் வாதத்தின் மையமான சான்றுக்கு வருகிறேன். 2001–03 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள் என்கிறது இந்தியத் தலைமைப் பதிவாளரின் மாதிரிப் பதிவுக் கணக்கு. 2011–13-இல் அது 79. 2018–20-இல் 54. அந்தக் கடைசிக் கால அளவில் இந்தியாவின் சராசரி 97. இந்த இறக்கத்துக்குப் பல திட்டங்கள் காரணம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைப்பணியில் இருந்து 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தார்கள். அவசர அறுவைச் சிகிச்சையும் ரத்தமும் மயக்க மருத்துவரும் ஒரே இடத்தில் கிடைக்கும் சீமாங் மையங்கள் வந்தன. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும் 2011-இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் இவற்றை எல்லாம் ஒன்றோடொன்று கோத்த நூலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதுதான் மகப்பேறு மரணத் தணிக்கை. 1990-களிலேயே தாய் மரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இங்கே தொடங்கிவிட்டது. 2004 முதல் ஒவ்வொரு மரணமும், அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ வீடோ வழியோ எங்கே நேர்ந்தாலும், தணிக்கைக்கு வர வேண்டும் என்றாயிற்று. இதற்கான தேசிய வழிகாட்டுதல் 2010-இல்தான் வந்தது.

தணிக்கை என்றால் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பெண் பிரசவத்தில் இறந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் தகவல் மேலே போகிறது. மருத்துவ அலுவலர் இறந்தவரின் வீட்டுக்குச் செல்கிறார். வலி எப்போது வந்தது, வண்டி எப்போது கிடைத்தது, முதல் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் கழிந்தது, அங்கிருந்து ஏன் வேறு இடத்துக்கு அனுப்பினார்கள், ரத்தம் எப்போது ஏற்றினார்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுகிறார். மருத்துவமனையின் குறிப்பேடு தனியாக ஆராயப்படுகிறது. பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். அங்கே மருத்துவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்வதோடு, இறந்தவரின் உறவினர் தம் வாயால் நடந்ததைச் சொல்லவும் இடம் உண்டு. இந்திய நிர்வாகத்தில் இது அரிய காட்சி. மனுநீதி நாளில் மனு கொடுக்க வரிசையில் நிற்கும் ஒரு கூலித் தொழிலாளி, இங்கே சாட்சியாக உட்கார்ந்து தன் மனைவி எங்கே காத்திருந்தாள் என்று நேரத்தோடு சொல்கிறார். நூறு மரணங்களை அடுக்கிப் பார்க்கும்போது அவற்றில் எத்தனை ரத்தப்போக்கால், எத்தனை ரத்த அழுத்தத்தால், எத்தனை கண்டறியப்படாத இதய நோயால் என்று தெளிவாகிறது. ரத்தச் சேமிப்பு மையம் எந்த வட்டத்தில் இல்லை, மயக்க மருத்துவர் எந்த ஊரில் இரவில் கிடைப்பதில்லை என்று தெரிகிறது. அடுத்த ஆண்டின் பணியிடக் கோரிக்கை அதிலிருந்து பிறக்கிறது. கொள்கை மேலிருந்து கீழே வருவது மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்தப் பாதையைக் கவனிக்க வேண்டும். இங்கே ஒரு மரணம் கோப்பாகி மேலே போய், செவிலியராகவும் ரத்தப் பையாகவும் திரும்பி வருகிறது.

இதற்கு முதல் எதிர்வாதம் சமூகவியலாளர்களிடமிருந்து வரும். பெண் கல்வி, 1982-இல் விரிந்த சத்துணவு, கிராமந்தோறும் பேருந்து, தாமதமான திருமணம், குறைந்த குழந்தைகள், இவையே தமிழ்நாட்டைக் காத்தன, நிர்வாகம் அந்த அலையில் மிதந்தது என்பார்கள். இதில் பெரும் உண்மை உண்டு. பள்ளிக்குப் போகாத, பேருந்து எட்டாத பெண்ணுக்குத் தணிக்கைக் கூட்டம் எதையும் தந்திருக்காது. ஆனால் கால வரிசை இந்த விளக்கத்தோடு முழுதாகப் பொருந்தவில்லை. தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1990-களின் முடிவிலேயே பதிலீட்டு அளவை நெருங்கிவிட்டது. சத்துணவு உண்டு வளர்ந்த தலைமுறை அப்போதே தாயாகத் தொடங்கியிருந்தது. அப்படியிருந்தும் தாய் மரணம் 134-இல் நின்றது. அதன் பிறகான இறக்கத்தை, முன்பே நடந்து முடிந்த சமூக மாற்றத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. இன்னொரு சான்று இதைவிட வலுவானது. அதே கல்வியும் அதே பேருந்தும் உள்ள அதே மக்களிடம், உயர் ரத்த அழுத்தம் என்ன நிலையில் இருக்கிறது? 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த, தொற்றாநோய் அபாயங்களை அளக்கும் ஸ்டெப்ஸ் ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். தாயைக் காப்பாற்றிய சமூகம் ரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு, ஒன்றுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தார், மற்றதற்கு இல்லை என்பது.

அடுத்த எதிர்வாதம் கேரளம். அங்கே தமிழ்நாட்டைப் போலத் தனிப் பொதுச் சுகாதார இயக்ககம் இல்லை. ஆனால் 2018–20-இல் தாய் மரண விகிதம் 19 மட்டுமே. அப்படியானால் தனிப் பணித் தொகுதியைப் பற்றிய என் புகழ்ச்சி என்னாவது? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இது என் வாதத்தைத் திருத்திக் கூர்மையாக்குகிறது. தனி இயக்ககம் ஒரு வழி, ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பே, அரசின் ஒத்துழைப்போடு, ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக மறு ஆய்வு செய்துவருகிறது. மருத்துவர் பெயரோ மருத்துவமனை பெயரோ வெளிவராது. எங்கே தவறினோம் என்பதை மருத்துவர்கள் தங்களுக்குள்ளேயே ஆராய்ந்து, அறிக்கையாக வெளியிட்டு, நடைமுறையை மாற்றிக்கொள்கிறார்கள். அதோடு 1990-களின் மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சிகளின் பொறுப்புக்கு வந்தன. பதில் சொல்லும் கடமை அங்கே தொழில் அமைப்பிடமும் ஊராட்சியிடமும் இருக்கிறது, இங்கே இயக்ககத்திடமும் ஆட்சியரிடமும் இருக்கிறது. இரு மாநிலங்களிலும் இறந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏன் என்ற கேள்வி எழுந்தது.

மூன்றாவது எதிர்வாதத்தைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். அது களத்தில் வேலை செய்பவர்களிடமிருந்து வருகிறது. பதில் சொல்லும் கடமை என்று நீங்கள் மேடையில் சொல்வது எங்களுக்குப் பயமாக வந்து சேர்கிறது என்கிறார்கள் செவிலியர்களும் இளம் மருத்துவர்களும். தம் கையில் மரணம் நேரக் கூடாது என்று அஞ்சுபவர், தாமே பார்க்கக்கூடிய பிரசவத்தையும் மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார். அறுவைச் சிகிச்சை செய்யாததற்கு விளக்கம் கேட்பார்கள், செய்ததற்குக் கேட்க மாட்டார்கள் என்பதால் கத்தி எளிதில் எடுக்கப்படுகிறது. 2015–16-இல் தமிழ்நாட்டில் 34 சதவீதமாக இருந்த அறுவைப் பிரசவம், 2019–21-இல் 45 சதவீதமாயிற்று. பத்து சதவீதத்துக்கு மேல் போவதால் மக்கள்தொகை அளவில் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தனியார் மருத்துவமனைகளின் வருவாய் நோக்கம், குடும்பங்களின் விருப்பம் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் பயத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. தடுப்பூசி வரலாறும் இதையே காட்டுகிறது. 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களில் தடுப்பூசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்றாயிற்று. அந்த நான்கு வீடுகளின் துயரத்துக்கு முன் அரசு வேறெதையும் செய்திருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005–06-இல் 81 சதவீதமாக இருந்த முழுத் தடுப்பூசி, 2015–16-இல் 70 சதவீதமாக இறங்கியது. அந்த முடிவும் இறக்கத்துக்கு ஒரு காரணம் என்று துறை சார்ந்தவர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். 2019–21-இல் அது 89 சதவீதத்துக்கு ஏறியது.

இந்த எதிர்வாதம் பொறுப்பையே குலைத்துவிடுகிறதா? இல்லை என்றே கருதுகிறேன். பாதிப் பொறுப்பின் ஆபத்தைத்தான் இது வெளிப்படுத்துகிறது. ஊசி போட்ட குழந்தை இறந்தால் பதில் சொல்ல ஆள் உண்டு, ஊசி போடாததால் நோயுற்ற குழந்தைக்கு இல்லை என்ற நிலையில், எந்த அலுவலரும் முதலாவதைத் தவிர்க்கவே முனைவார். மரணத்துக்குத் தணிக்கை உண்டு, தேவையற்ற அறுவைக்கு இல்லை என்றால் மருத்துவரும் அப்படியே நடப்பார். கண்ணுக்குத் தெரியும் தீங்கையும் தெரியாத தீங்கையும் ஒரே பதிவேட்டில் எழுதும்போதுதான் பயம் சமநிலைக்கு வரும். கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். கூட்டத்தின் முடிவில் யாரையாவது பணியிடை நீக்கம் செய்தால்தான் ஆட்சியர் கடுமையானவர் என்று பெயர் கிடைக்கும் என்றால், அடுத்த மாதம் குறிப்பேடுகள் திருத்தப்பட்டு வரும். கேரளத்தின் ரகசிய ஆய்விலிருந்து தமிழ்நாடு கற்க வேண்டியது இதைத்தான். ஊழியரை விசாரிக்கும் கூட்டமும், ஏற்பாட்டை விசாரிக்கும் கூட்டமும் தனித்தனியாக இருக்க வேண்டும். காசநோயில் தமிழ்நாடு அண்மையில் செய்தது இதற்கு நல்ல முன்மாதிரி. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே உடல் எடைக் குறியீடு, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பது போன்ற எளிய அளவுகளைச் செவிலியர் பார்க்கிறார். நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இறப்பு நேர்ந்தால் எந்தப் படியில் விட்டுப்போயிற்று என்று மாவட்டம் பார்க்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வீட்டுச் சிகிச்சை என்ற முடிவோடு விடுபட்ட பாதியை இப்போதுதான் சேர்க்கிறோம்.

காப்பீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க இயலாது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைப்பு என்று அது வளர்ந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வந்திருக்கிறது. இதய அறுவைக்காக நிலத்தை விற்ற குடும்பங்களுக்கு அது என்ன பொருள் தந்தது என்பதை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். தேர்தல் அரசியல் இதைச் சாதித்தது என்பதையும் சிறுமையாகக் கருதவில்லை. மக்கள் கேட்டார்கள், ஆட்சிகள் மாறி மாறிக் கொடுத்தன. ஆனால் காப்பீடு எதற்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். பக்கவாதம் வந்த பிறகான சிகிச்சைக்கு அது பணம் தருகிறது. பக்கவாதம் ஏன் வந்தது என்று அது யாரையும் கேட்பதில்லை. பத்து ஆண்டுகள் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருந்த ஒருவர் சரிந்து விழும்போது, அவரைத் தம் பதிவேட்டில் வைத்திருந்த யாருக்கும் ஒரு விளக்கக் கடிதம்கூடப் போவதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடைவெளியை நோக்கி எடுத்துவைத்த சரியான அடி. மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் 2024-இல் கிடைத்தது. ஆனால் அத்திட்டத்தைப் பற்றிய அரசு விளம்பரங்களில் முதன்மையாக நிற்பது பயனடைந்தோர் எண்ணிக்கை. எத்தனை பேர் வீட்டுக்குப் போனோம் என்பது ஊழியரின் உழைப்பைக் காட்டும் கணக்கு. எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதுதான் நோயாளிக்கு வேண்டிய கணக்கு. மாத ஊக்கத்தொகையில் உழைக்கும் அந்தப் பெண்களின் மேல் அந்தக் கணக்கின் சுமையை ஏற்றக் கூடாது. அது மருத்துவ அலுவலரின் கடமையாக, மாவட்ட சுகாதார அலுவலரின் கடமையாக எழுதப்பட வேண்டும்.

இவை எல்லாம் ஒரே துறைக்குள் நடப்பவை. உடல்நலத்தைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பல, துறைக்கு வெளியே, சில சமயம் மாநிலத்துக்கே வெளியே எடுக்கப்படுகின்றன. அரசமைப்பின்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆனால் அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தமிழ்நாடு அளித்துவந்த 50 சதவீத ஒதுக்கீடு, இந்திய மருத்துவக் கழகத்தின் விதிகளை முன்வைத்து 2017-இல் நிலைகுலைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இளம் மருத்துவரை ஈர்த்த வலுவான காரணம் அது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அத்தகைய ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று உறுதிசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டபோது கிராமங்களுக்குப் பதில் சொல்ல டெல்லியில் யாருமில்லை. சென்னையின் பிழைகளும் உண்டு. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இங்கே 1997-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. இருபத்தோரு ஆண்டுகள் அச்சட்டம் அரசிதழில் தூங்கியதற்கு யார் காரணம் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. மதுவைப் பாருங்கள். 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். 2023–24-இல் அதன் வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது சுமார் 20,000 கோடி. கல்லீரல் நோய், சாலை விபத்து, தற்கொலை, வீட்டு வன்முறை என்று மருத்துவமனைக்குள் வருபவற்றில் மதுவின் பங்கைத் துறை அறியும். கடையின் எண்ணிக்கை, நேரம், விலை ஆகியவற்றை முடிவுசெய்யும் கோப்பு அத்துறையின் வழியே போவதில்லை. தடை விதித்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். அது உண்மையான அச்சம்தான். கள்ளச்சாராய மரணங்களைத் தமிழ்நாடு அண்மைக்காலத்திலும் கண்டிருக்கிறது. ஆனால் நான் இங்கே கேட்பது மதுவிலக்கைக் குறித்து அல்ல. வருவாய்க் கணக்குக்கு ஆண்டுதோறும் அவையில் குறிப்பு வைக்கும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, அதே அவையில் அதே நாளில், அந்த ஆண்டு அரசு மருத்துவமனைகளில் மதுவால் சேர்ந்தவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்ற கணக்கையும் வைத்து, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்லும் கடமையை இப்படி எழுதிவைக்கப் புதிய சட்டம் தேவையில்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மரபும், தாய் மரணத் தணிக்கையின் படிவமும், மருத்துவப் பணிகள் கழகத்தின் இருப்புக் கணக்கும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. தொடங்க வேண்டிய இடம் ரத்த அழுத்தம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதிவான நோயாளிகளில் எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்ற ஒற்றை எண்ணை மாதந்தோறும் ஆட்சியர் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் பக்கவாதத்தாலோ மாரடைப்பாலோ இறந்தால், அவர் எந்த நிலையத்தின் பதிவேட்டில் இருந்தார், கடைசியாக எப்போது மாத்திரை வாங்கினார், எந்த மாதம் இருப்பு இல்லாமல் திரும்பினார் என்று ஒரு வட்டத்திலாவது சோதனை முறையில் ஆராயலாம். மரணங்களின் எண்ணிக்கை பெரிது, எல்லாவற்றையும் ஆராய ஆள் போதாது என்பார்கள். உண்மைதான். மாதத்துக்குப் பத்தை மட்டும் குலுக்கலில் எடுத்து ஆராய்ந்தாலே மாத்திரை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கூட்டத்திலும் இறந்தவரின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார வேண்டும், அவர் சொல்வதை முதலில் எழுத வேண்டும்.